ஜாம் ஆகும் குட்டை பேரல் ரைபிள்: கேஸ் துளையைப் பெரிதாக்கினால் சரியாகுமா?

தம்பி கேட்டிருந்த கேள்வி இதுதான்: "கடலோரப் பாதுகாப்புப் பணியில் இருக்கிறேன். எங்களிடம் உள்ள 5.56 மி.மீ. குட்டை பேரல் ரைபிள், பயிற்சியில் மூன்று நான்கு மேகசின் போனதும் ஜாம் ஆகத் தொடங்குகிறது. காலித் தோட்டா முழுதாக வெளியே வராமல் நடுவில் மாட்டிக்கொள்கிறது. அதே பெட்டித் தோட்டாவைப் போட்டால் நீள பேரல் ரைபிள் ஒழுங்காக ஓடுகிறது. தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று ஆரம்பித்த பிறகுதான் இந்தத் தொல்லை. பேரலில் இருக்கும் கேஸ் துளை சின்னது, கொஞ்சம் பெரிதாக்கினால் சரியாகிவிடும் என்று சீனியர் ஒருவர் சொல்கிறார். உண்மையா?"

முதலில் நேரான பதிலைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் ரைபிளில் துளை குற்றவாளியாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பெரிதாக்கினால் முதல் சில நாள் சரியானது போலத் தெரியும். அப்புறம் வேறு இடத்தில் உடையும். கேள்விக்குள்ளேயே பாதி விடை இருக்கிறது: கச்சான் காற்றுக்கு முன்பு ஓடிய ரைபிள் இப்போது ஓடவில்லை என்றால், இடையில் மாறியது துளையின் அளவு இல்லை.

ராணுவத்தில் இருபது வருடத்துக்கு மேல் ஆர்மரர் வேலை, அதாவது ஆயுதம் பழுதுபார்க்கும் வேலை பார்த்தவன் நான். ஊர் ராமநாதபுரம் ஜில்லா, உச்சிப்புளிப் பக்கம். ஜன்னல் கம்பி மூன்று வருடம் தாங்காத காற்று எங்களுக்குப் புதிதில்லை. அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் சுருக்கமாக எழுதிவிட்டுப் போக மனம் வரவில்லை.

ஒரு சொல் குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்வோம். நம் போலீஸிலும் ராணுவத்திலும் பல வருடமாக "கார்பைன்" என்றால் 9 எம்.எம். கார்பைன் 1ஏ1தான். பிரிட்டிஷ் ஸ்டெர்லிங்கின் இந்திய வடிவம், கான்பூரில் செய்தது. அதில் கேஸ் துளையே கிடையாது. தோட்டா பின்னோக்கித் தள்ளும் விசையே, தோட்டாவுக்குப் பின்னால் அடைத்து நிற்கும் கனமான போல்ட்டைப் பின்னுக்கு அனுப்பும். பூட்டு என்று ஒன்றும் இல்லை. 9 எம்.எம். மாதிரி பலம் குறைந்த பிஸ்டல் தோட்டாவுக்கு அது போதும். 5.56 தோட்டாவின் அழுத்தம் அதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அங்கே போல்ட் பூட்டியிருக்க வேண்டும், குண்டு பேரலை விட்டுப் போய் அழுத்தம் இறங்கிய பிறகு திறக்க வேண்டும். அந்தத் திறக்கும் வேலைக்குத்தான் பேரலில் ஒரு சிறு துளை போட்டுக் கொஞ்சம் வாயுவைத் திருப்பி எடுக்கிறார்கள். உங்கள் கையில் இருப்பது அந்த வகை. பழைய கார்பைனில் பழகிய சீனியர்களின் வைத்தியம் இதற்கு அப்படியே பொருந்தாது.

இன்னொன்று. நம் பேச்சில் வாயுவும் கேஸ், தோட்டாவின் பித்தளை உறையும் கேஸ். இங்கே கேஸ் என்றால் வாயு மட்டும். பித்தளையைக் கூடு என்றே எழுதுகிறேன்.

சரி, துளை எப்படி வேலை செய்கிறது? நம் ஜில்லாக்காரர்களுக்கு இதைக் கண்மாய் மடையை வைத்துச் சொன்னால் உடனே பிடிபடும். ஒரே அளவு மடைக்கண் இரண்டு கண்மாயில் இருக்கிறது. ஒன்றில் நீர் பத்தடி நிற்கிறது, மற்றதில் நாலடி. எதில் தண்ணீர் பீறிட்டு வரும் என்று கேட்கத் தேவையில்லை. பேரலும் அப்படித்தான். வெடிமருந்து எரிந்ததும், தோட்டா உட்காரும் சேம்பருக்குப் பக்கத்தில் அழுத்தம் உச்சத்தில் இருக்கிறது. குண்டு முன்னே ஓட ஓட அது மளமளவென்று இறங்குகிறது. துளை சேம்பருக்கு அருகில் இருந்தால் ஆழமான கண்மாயின் மடை. வாய்ப்பக்கம் தள்ளியிருந்தால் மேலோட்டமான மடை. அதனால் "துளை எத்தனை மில்லிமீட்டர்?" என்று மட்டும் கேட்டால் அந்தக் கேள்விக்கு அர்த்தமே இல்லை. எந்த இடத்தில் என்று சேர்த்துக் கேட்க வேண்டும்.

இதற்கு உலகம் அறிந்த உதாரணம் அமெரிக்க எம்16, எம்4 இரண்டும். எம்16 பேரல் 20 அங்குலம். துளை சேம்பர் பக்கத்திலிருந்து சுமார் 33 செ.மீ. தள்ளி, விட்டம் சுமார் 2.4 மி.மீ. எம்4 பேரல் 14.5 அங்குலம். துளை சுமார் 20 செ.மீ. தூரத்தில், விட்டம் சுமார் 1.6 மி.மீ. கவனியுங்கள், குட்டை பேரலில் துளை சின்னது. பரப்பைக் கணக்குப் போட்டால் நீள பேரலின் துளையில் பாதிகூட இல்லை. ஆனால் அந்த இடத்தில் அழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. குட்டை பேரல் துளை சின்னதாக இருப்பதைப் பார்த்து, குறைவாகப் போட்டுவிட்டார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். உங்கள் சீனியரும் அங்கேதான் தடுக்கியிருக்கிறார் என்று படுகிறது. அது வேண்டுமென்றே சின்னதாக வைத்தது.

அடுத்து, பலரும் யோசிக்காத ஒன்று: துளையைத் தாண்டி வாய் வரைக்கும் எவ்வளவு பேரல் மிச்சம் இருக்கிறது. குண்டு துளையைக் கடந்த நொடியில் மடை திறக்கிறது. குண்டு பேரலை விட்டு வெளியேறிய நொடியில் மொத்தக் கரையும் உடைந்த மாதிரி வாயு முழுக்க முன்பக்கம் போய்விடுகிறது. துளைக்கு அழுத்தமே இல்லை. இந்த இடைவெளியில்தான் ரைபிள் தன் வேலைக்கான வாயுவை எடுத்துக்கொண்டாக வேண்டும். எம்16ல் இந்த மிச்சம் சுமார் 18 செ.மீ., எம்4ல் சுமார் 17. குண்டு ஓடும் வேகத்தில் அது ஒரு நொடியின் 5,000ல் ஒரு பங்கு. இரண்டும் அநேகமாக ஒன்றுதான். அதனால்தான் எம்4 அந்த நீளத்திலும் நம்பகமாக ஓடுகிறது. அதே 20 செ.மீ. இடத்தில் துளையை வைத்துக்கொண்டு பேரலை 10.3 அங்குலமாக வெட்டியவர்களும் உண்டு. எம்கே18 என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கே மிச்சம் 6 செ.மீ. சொச்சம். நேரம் பாதிக்கும் கீழே. அந்தப் பேரலுக்கு மட்டும் துளையைச் சுமார் 1.8 மி.மீ. ஆக்கினார்கள். 0.2 மி.மீ. தானே என்று தோன்றும்; பரப்பில் அது கால் பங்கு கூடுதல். துளை விஷயத்தில் கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. அதுவும் அவர்கள் பேரல் நீளம், தோட்டா, ஸ்பிரிங், எடை எல்லாவற்றையும் சேர்த்துச் சோதித்து எடுத்த முடிவு. ஸ்டேஷன் மேஜையில் துளையிடும் கருவியை வைத்துக்கொண்டு எடுத்தது இல்லை.

துளையைப் பெரிதாக்காமல் நேரத்தை நீட்டிய வழியும் உண்டு. ரஷ்யர்களின் ஏகேஎஸ்-74யூ பேரல் 21 செ.மீ. கூட இல்லை. அதன் வாயில் புனல் போட்ட குடுவை மாதிரி ஒன்று இருக்கும். பார்த்தவர்கள் அதை அழகுக்கு வைத்தது என்றோ நெருப்பை மறைக்க என்றோ நினைப்பார்கள். நெருப்பைக் குறைப்பதும் உண்மைதான். ஆனால் அதன் முக்கிய வேலை வாயுவை ஒரு கணம் தேக்கி வைத்து, பின்னால் இருக்கும் துளைக்கு அழுத்தம் கிடைக்கச் செய்வது. அதைக் கழற்றிவிட்டுச் சுட்டால் துப்பாக்கி ஒழுங்காக ஓடாது. பேரலைக் குறைப்பவன் எங்காவது அதற்கு ஈடு கட்டியே ஆக வேண்டும்.

இப்போது கேஸ் குறைந்தால் என்ன, கூடினால் என்ன என்று பார்ப்போம். குறைந்தால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். போல்ட் முழுத் தூரம் பின்னால் போகாது. கூடு சேம்பரை விட்டு வரும், ஆனால் வெளியே எறியப்படும் வேகம் இருக்காது. திரும்பி வரும் போல்ட் அதை, கூடு வெளியேறும் ஜன்னலிலேயே அமுக்கி நிறுத்திவிடும். இல்லையென்றால் கூடு வெளியே விழும், ஆனால் புதுத் தோட்டாவை எடுக்கும் அளவுக்குப் போல்ட் பின்னால் போயிருக்காது. காலி சேம்பரின் மேல் மூடிக்கொள்ளும்.

கேஸ் கூடினால் வருவதுதான் ஏமாற்றும். பித்தளைக் கூடு வெடிக்கும்போது விரிந்து சேம்பர் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அழுத்தம் இறங்கியதும் சற்றுச் சுருங்கி விடுபடும். கேஸ் அதிகமானால் போல்ட் சீக்கிரமே பூட்டைத் திறந்து இழுக்கத் தொடங்கும். கூடு அப்போது இன்னும் சுவரைப் பிடித்துக்கொண்டிருக்கும். கூட்டைக் கவ்வி இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் நகம் விளிம்பை விட்டு நழுவும், அல்லது விளிம்பையே பிய்த்துக்கொண்டு வரும். கூடு சேம்பரிலேயே நின்றுவிடும். பின்னால் வரும் புதுத் தோட்டா அதன் மேல் போய் முட்டும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது எப்படித் தெரியும்? "காலித் தோட்டா வெளியே வரவில்லை, கேஸ் பத்தவில்லை!" உடனே துளையைப் பெரிதாக்கு என்கிறார்கள். தாகம் என்று நினைத்து, மூழ்கிக்கொண்டிருப்பவனுக்குத் தண்ணீர் கொடுக்கிற கதை. இன்னொரு வகையும் உண்டு: போல்ட் அவ்வளவு வேகமாகப் போய்த் திரும்புகிறது, மேகசின் ஸ்பிரிங் அடுத்த தோட்டாவை மேலே ஏற்றுவதற்குள் போல்ட் அதைத் தாண்டிப் போய்விடுகிறது. இதுவும் பார்ப்பதற்குக் கேஸ் குறைந்தது போலவே இருக்கும். மேகசின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் இரண்டு மடங்கு தொல்லை.

இரண்டையும் பிரித்தறிய வழி, விழுந்த கூட்டை எடுத்துப் பார்ப்பது. கேஸ் குறைவு என்றால் விளிம்பு சுத்தமாக இருக்கும். கூடு காலடியில் சோர்ந்து விழுந்திருக்கும். கேஸ் அதிகம் என்றால் விளிம்பில் நகம் கடித்த வடு ஆழமாக இருக்கும், சில சமயம் விளிம்பு வளைந்திருக்கும். கூடு தூரத்தில் போய் விழுந்திருக்கும். தோளில் இடி கூடும், சுடுபவர் கண்ணில் புகை எரியும். நான் எந்த ரைபிள் புகாருக்குப் போனாலும் ரைபிளைத் தொடுவதற்கு முன் தரையில் கிடக்கும் கூட்டைத்தான் கையில் எடுப்பேன். சுடும் ரேஞ்சில் கூட்டை எண்ணி ஒப்படைக்கும் அவசரத்தில் இதை யாரும் பார்ப்பதில்லை என்பது எனக்கு எப்போதும் வருத்தம்.

பொதுவாக ராணுவத் துப்பாக்கி செய்பவர்கள் கேஸைக் கொஞ்சம் தாராளமாகத்தான் வைப்பார்கள். சேறு, குளிர், மட்டமான தோட்டா எல்லாவற்றையும் தாண்டி ஓட வேண்டுமே. ஏகே குடும்பம் இதில் மிகத் தாராளம். நம் திருச்சித் தொழிற்சாலை அந்த வடிவத்தில் 7.62 ரைபிள் செய்கிறது, பார்த்திருப்பீர்கள். வாயு தள்ளும் கனமான பிஸ்டனும், போல்ட்டைச் சுமக்கும் கேரியரும் ஒன்றாகச் சேர்ந்து நீண்ட தூரம் ஓடுவதால் அந்தக் கூடுதல் அடியைத் தாங்குகிறது. அதே தாராளத்தை லேசான போல்ட் உள்ள ரைபிளுக்குக் கொடுத்தால் போல்ட்டின் பூட்டுப் பற்கள் சீக்கிரம் விரிசல் விடும். எம்4க்கு மாறியபோது எம்16ஐ விட போல்ட் அடி கூடியது. அப்போது அவர்கள் செய்தது என்ன? போல்ட்டுக்குப் பின்னால் இருந்து அதன் வேகத்தைத் தணிக்கும் பஃபரின் எடையைக் கூட்டினார்கள், எக்ஸ்ட்ராக்டர் ஸ்பிரிங்கைப் பலமாக்கினார்கள், தோட்டா ஏறும் சரிவை நீட்டினார்கள். துளையைச் சுற்றியிருக்கும் எல்லாவற்றையும் தொட்டார்கள்.

நான் கற்றுக்கொண்ட பள்ளிக்கூடம் பழைய 7.62 எஸ்.எல்.ஆர். இஷாப்பூரில் செய்த அந்த ரைபிளை இன்றைக்கும் பல போலீஸ் ஆயுத அறைகளில் பார்க்கலாம். அதன் கேஸ் ரெகுலேட்டர் மாதிரி தெளிவான பாடம் வேறு எதிலும் இல்லை. பேரல் துளை மாறாது, அது கட்டிய மடை. ஆனால் உள்ளே வந்த வாயுவில் உபரியை வெளியே விட ஒரு பக்கத் துளையும் அதை மூடித் திறக்கும் வளையமும் உண்டு. கண்மாயின் கலுங்கு மாதிரி. வளையத்தைத் திறந்தால் உபரி வெளியே போய் பிஸ்டனுக்குக் குறைவு, மூடினால் அதிகம். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முறை இது: கலுங்கை முழுக்கத் திறந்து, மிகக் குறைந்த கேஸில் ஆரம்பி. ஒவ்வொரு தோட்டாவாகச் சுடு. போல்ட் தடுமாறும். வளையத்தை ஒரு சொடுக்கு மூடு, திரும்பச் சுடு. கூடு சீராக வெளியே விழும் இடம் வந்ததும் நில். அதற்கு மேல் அழுக்குக்கும் குளிருக்குமாக ஓரிரு சொடுக்கு மட்டும் சேர். முழுக்க மூடிவிட்டால் எந்தத் தொல்லையும் இல்லாமல் ஓடுமே என்று புதுப் பையன்கள் கேட்பார்கள். ஓடும். ரைபிள் தன்னைத் தானே அடித்துக்கொண்டே ஓடும். தேவையானது, அதற்கு மேல் கொஞ்சம் மிச்சம்: இந்த அளவைக் கையால் சொடுக்கிச் சொடுக்கிப் பழகியவன் துளையில் துரப்பணத்தை விடமாட்டான்.

துளை மாறாமலேயே கேஸ் மாறும் என்பதற்கு வியட்நாம் கதையைச் சொல்ல வேண்டும். எம்16 முதலில் ஒருவகை வெடிமருந்தோடு வடிவமைக்கப்பட்டது. 1964 வாக்கில் தோட்டாவுக்குள் உருண்டை மருந்து வந்தது. சேம்பரில் உச்ச அழுத்தம் ஏறக்குறைய முன்பு போலவே. ஆனால் புது மருந்து சற்று நிதானமாக எரிந்ததால், துளைக்கு வரும்போது அழுத்தம் முன்பைவிட அதிகமாக நின்றது. துளை அதேதான், இடமும் அதேதான், மருந்து மட்டும் மாறியது. சுடும் வேகம் எகிறியது, கூடுகள் சேம்பரில் மாட்டின. மருந்தில் கலந்திருந்த கால்சியம் கார்பனேட் கேஸ் குழாய்க்குள் கசடாகப் படிந்தது. இதெல்லாம் போதாதென்று சேம்பருக்குக் குரோம் பூச்சும் இல்லை. ஈரக்காட்டில் அது துருப்பிடித்து, கூட்டை இன்னும் இறுகப் பிடித்தது. சுத்தம் செய்யும் சாமானும் போதுமான அளவு போகவில்லை. 1967ல் ரிச்சர்ட் இக்கார்ட் தலைமையில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் துணைக்குழு விசாரித்தது. அந்தச் சமயத்தையொட்டிச் சேம்பருக்குக் குரோம் வந்தது, பஃபர் மாறியது. கையில் ஜாம் ஆன ரைபிளோடு செத்துக் கிடந்த சிப்பாய்களைப் பற்றி அந்தக் காலத்தில் வந்த செய்திகளைப் படித்தால் இன்றைக்கும் நெஞ்சு கனக்கும்.

வெயிலும் மருந்தும் அப்படித்தான். நம் ஊர் மே மாத வெயிலில் ஜீப்புக்குள் பூட்டி வைத்த தோட்டா, நிழலில் இருந்ததைவிட அதிக அழுத்தம் கொடுக்கும். பனிமலையில் அதே தோட்டா சோம்பும். ரெகுலேட்டர் இல்லாத ரைபிளில் இரண்டையும் ஒரே துளை சமாளிக்க வேண்டும்.

துளை காலப்போக்கில் தானாகவே பெரிதாவதும் உண்டு. ஒவ்வொரு குண்டுக்குப் பின்னும் கொதிக்கும் வாயு அந்தத் துளையின் விளிம்பை அரிக்கிறது. முன்விளிம்பு முதலில் மழுங்கும். சேம்பருக்கு அருகே துளை உள்ள குட்டை பேரலில், அதுவும் தொடர்ச்சியாகச் சுட்டால், அரிப்பு வேகம் கூடும். பல ஆயிரம் தோட்டா கண்ட குட்டை ரைபிள் புதிதில் ஓடியதைவிட வேகமாகவும் முரட்டுத்தனமாகவும் ஓடுவது இதனால்தான். ஆக, வயதான குட்டை ரைபிளில் கேஸ் குறைவைவிடக் கேஸ் அதிகம்தான் எதிர்பார்க்க வேண்டியது. அந்தத் துளையை இன்னும் பெரிதாக்கினால் என்ன ஆகும் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். இன்னொன்று, துளையைப் பெரிதாக்கலாம், சின்னதாக்க முடியாது. ஒருமுறை துரப்பணம் போய்விட்டால் பேரலையே மாற்ற வேண்டும்.

இனி நம் கடற்கரைக்கு வருவோம். என்னைக் கேட்டால் உங்கள் தொல்லையின் வேர் இங்கேதான்.

பணியில் இருந்தபோது ஒருமுறை இதே கடற்கரையில் தற்காலிகமாக முகாம் போட்டிருந்த ஒரு பிரிவுக்குப் போனேன். கச்சான் உச்சத்தில் இருந்த நேரம். கூடாரத்துக்குள் சாப்பிடும் தட்டில்கூட மணல் வரும். பத்துப் பதினைந்து ரைபிள்களுக்கு "கேஸ் குறைவு" என்று புகார். ஒன்றின் கேஸ் பிளக்கைக் கழற்ற முயன்றேன், வரவில்லை. மரச் சுத்தியலால் லேசாகத் தட்டிய பிறகுதான் அசைந்தது. பிஸ்டனை உருவியபோது வழுக்கிக்கொண்டு வர வேண்டியது கரகரவென்று வந்தது. அதன் தலையில் கருப்பும் காவியும் கலந்த ஒரு பசை. அதை வெள்ளைத் துணியில் துடைத்து, எவர்சில்வர் டம்ளரில் கொஞ்சம் நல்ல தண்ணீர் ஊற்றி அதில் அலசிக் காட்டினேன். எண்ணெய் மேலே மிதந்தது. கரி தண்ணீரைக் கருப்பாக்கியது. அடியில் விரற்கடை அகலத்துக்கு மணல் படிந்தது. நம் கடற்கரையின் அதே பொடி மணல். கண்ணுக்குத் தெரியாமல் கரைந்துபோன உப்பு தனி.

யாரும் பராமரிக்காமல் விட்டதால் வந்தது இல்லை அது. அக்கறையால் வந்தது. உப்புக் காற்றுக்குப் பயந்து தினமும் எண்ணெயை ஊற்றியிருக்கிறார்கள், பிஸ்டனுக்கும் சேர்த்து. எண்ணெய் உப்பைக் கரைக்காது. உப்பின் மேல் எண்ணெய் பூசினால், உப்பு அடியில் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு துருப்பிடிக்கச் செய்துகொண்டே இருக்கும். மேலே இருக்கும் எண்ணெய் பறக்கும் மணலையெல்லாம் பிடித்து வைக்கும். சுட்டதும் எண்ணெய் கருகிக் கரியோடு சேர்ந்து பசையாகும். பேரல் துளை பெரும்பாலும் அடைபடாது. ஒவ்வொரு குண்டும் அதை ஊதித் தள்ளிவிடும். அழுக்கு தங்குவது அதற்குப் பின்னால், ரெகுலேட்டரிலும் பிஸ்டன் தலையிலும் கேஸ் சிலிண்டர் சுவரிலும். அங்கே உரசல் கூடினால் துளையிலிருந்து சரியான கேஸ் வந்தும் போல்ட்டுக்குப் போய்ச் சேராது. அன்றைக்கு எந்தத் துளையையும் தொடவில்லை. வெந்நீர், துணி, காயவைத்தல், கொஞ்சம் எண்ணெய். மறுநாள் எல்லா ரைபிளும் ஓடின.

வெந்நீர் என்றதும் சில இளைஞர்கள் திகைக்கிறார்கள். துப்பாக்கியில் தண்ணீரா என்று. பழைய .303 ரைபிள் காலத்து ஆட்களைக் கேளுங்கள், புனல் வைத்துப் பேரலுக்குள் கொதிநீர் ஊற்றியதைச் சொல்வார்கள். அந்தக் காலத்துத் தோட்டாவைப் பற்றவைக்கும் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. வெடித்ததும் அது பொட்டாசியம் குளோரைடாகப் பேரலில் படியும். அதுவும் ஒரு உப்புதான், சமையல் உப்புக்கு உடன்பிறப்பு. ஈரத்தை உறிஞ்சி ஒரே இரவில் துருப்பிடிக்கச் செய்யும். அதைக் கரைக்கத் தண்ணீரால்தான் முடியும். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கர்கள் எம்1 கார்பைனைக் கொண்டுவந்தபோது, அதன் கேஸ் பகுதியைச் சிப்பாய் எளிதில் கழற்றிச் சுத்தம் செய்ய முடியாது என்பதால், அந்தத் தோட்டாவுக்கு மட்டும் ஆரம்பத்திலிருந்தே துருப்பிடிக்கச் செய்யாத பிரைமரைத்தான் போட்டார்கள். அப்போது மற்ற தோட்டாக்களில் பழைய பிரைமர்தான். உப்பு கேஸ் பகுதிக்குள் போனால் என்ன ஆகும் என்று அவர்கள் அவ்வளவு பயந்தார்கள். இன்றைய தோட்டாவில் அந்த உப்பு இல்லை. ஆனால் வாலிநோக்கத்தில் பாத்தி கட்டி எடுக்கும் உப்பு நம் காற்றிலேயே வருகிறதே. படகில் வேலை பார்த்துவிட்டு வந்ததும் மீனவர் என்ன செய்கிறார்? அவுட்போர்டு இன்ஜினை நல்ல தண்ணீரில் ஓடவிட்டுக் கழுவிய பிறகுதான் மூடி வைக்கிறார். உங்கள் ரைபிளும் அதே படகில்தான் போய்வருகிறது.

படகு என்றதும் ஒரு எச்சரிக்கை. 5.56 பேரல் ஒடுக்கமானது. அலை தெறித்து உள்ளே போன தண்ணீர் பெரிய குழலில் போலத் தானாக வழிந்துவிடாது, உள்ளேயே ஒட்டி நிற்கும். அந்த நிலையில் சுட்டால் பேரல் வீங்கவோ வெடிக்கவோ வாய்ப்பு உண்டு. வாயைக் கீழே சாய்த்து, போல்ட்டைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக் காற்று போக வழி விட்டால்தான் நீர் இறங்கும். இதைப் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். சொல்லவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள்.

சரி, இப்போது உங்கள் ரைபிள். ஆயுத அறைப் பொறுப்பாளரையும் ஆர்மரரையும் வைத்துக்கொண்டு இந்த வரிசையில் பாருங்கள். முதலில் மேகசின். ஜாம் ஆன மேகசின்களுக்கு எண் போட்டு வையுங்கள். ஒரே மேகசினில் திரும்பத் திரும்ப வந்தால் ரைபிளுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இதை நான் எத்தனை முறை பார்த்திருக்கிறேன் என்று கணக்கில்லை. அடுத்து சேம்பர். துருப்பிடித்துச் சொரசொரப்பாக இருந்தால் கூடு ஒட்டும், எக்ஸ்ட்ராக்டர் என்ன செய்யும் பாவம். பேரலைத் துடைக்கும் பலரும் சேம்பரைத் தனி பிரஷ் போட்டுத் துடைப்பதில்லை. அப்புறம் எக்ஸ்ட்ராக்டர் நகமும் அதன் ஸ்பிரிங்கும். நகத்துக்கு அடியில் மணலும் பித்தளைத் தூளும் இறுகியிருக்கும். அதற்கும் பிறகுதான் கேஸ் பகுதி. பிஸ்டன் உள்ள ரைபிள் என்றால் வெந்நீரில் கழுவி, நன்றாகக் காயவைத்து, பிஸ்டனையும் சிலிண்டரையும் உலர்ந்த நிலையிலேயே பொருத்துங்கள். எண்ணெய் போல்ட்டுக்கும் அது ஓடும் தடத்துக்கும், அதுவும் மெல்லியதாக. உங்கள் ரைபிளின் கையேடு வேறு மாதிரி சொன்னால் கையேட்டின்படி செய்யுங்கள். ரெகுலேட்டர் இருந்தால் யாராவது தெரியாமல் வேறு நிலையில் வைத்துவிட்டார்களா என்று பாருங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்து அப்போதும் ஜாம் ஆனால், பேரலை ஆர்மரர் பணிமனைக்கு அனுப்புங்கள். துளையை அளக்க அவர்களிடம் ஊசி அளவுகோல் இருக்கும். அளவு தேய்ந்து கூடியிருந்தால் பேரல் மாற்றம்தான். யாரும் துளையை நோண்ட வேண்டாம். அரசாங்க ஆயுதத்தில் அனுமதி இல்லாமல் கை வைப்பது துறை நடவடிக்கையில் கொண்டுபோய் விடும் என்பது ஒரு பக்கம். நடுக்கடலில் இரவில் அந்த ரைபிளை நம்பி நிற்கப்போவது நீங்களோ உங்கள் கூட்டாளியோதான் என்பது எனக்கு அதைவிடப் பெரிது.

மூன்று நான்கு மேகசினுக்குப் பிறகுதான் தொல்லை தொடங்குகிறது என்றீர்கள். சூடேறிய சேம்பரும், கரியோடு குழைந்த எண்ணெயும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் நான் உங்கள் ரைபிளைப் பார்க்கவில்லை. அடுத்த பயிற்சியில் ஜாம் ஆனதும், கூட்டை ஒப்படைக்கும் முன் அதன் விளிம்பைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். நகம் கடித்த வடு இருக்கிறதா, விளிம்பு வளைந்திருக்கிறதா, கூட்டின் உடலில் நீளவாக்கில் கீறல் இருக்கிறதா. இந்த மூன்றையும் எழுதுங்கள், மேற்கொண்டு சொல்கிறேன்.